என்ன பங்கு, வந்துருச்சா

காலை ஷிப்டுக்கான சங்கு ஊதி ஓய்ந்த சற்று நேரத்தில் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. அப்பா யூனிபார்ம் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மத்திய அரசின் விசாரணை அமைப்பு என்று சொல்லி அடையாள அட்டையையும் நீதிமன்றம் தந்த தேடுதல் ஆணையையும் காட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாத அம்மா, காப்பி போடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. சாட்சிக்கு வந்திருக்கவங்களுக்கு மட்டும் தண்ணி குடுங்க" என்றார் மூத்த அதிகாரி.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அந்த வாரக் கடைசிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். பீரோ, பரண், அரிசி டிரம், அம்மாவின் பட்டுப்புடவைகளின் மடிப்பு என்று ஒவ்வொன்றாக அவர்கள் பார்க்கப் பார்க்க, நானும் கூடவே நகர்ந்துகொண்டிருந்தேன். கைப்பற்றியவற்றைப் பட்டியல் எழுதிய இளைஞர் அப்பாவின் போன், பழைய போன் இரண்டையும் ஒரே வரியில் எழுதினார்.

"தனித்தனியா எழுதுங்க சார். ரெண்டுக்கும் நம்பர் வேற" என்றேன்.

"நீங்க வக்கீலா?"

"இல்ல சார். இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர்."

அவர் சிரிக்காமல் அந்த வரியை அடித்துவிட்டு இரண்டு வரிகளாக எழுதினார். எது முதலில், எது அடுத்தது என்று வரிசைப்படுத்திக்கொண்டால் எனக்கு அடுத்த வேலை தெரிந்துவிடும். அன்றைக்கு அது மட்டும்தான் என்னிடம் இருந்தது.

வழக்கு இதுதான். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர். நிலக்கரியை மேலே கொண்டுவரும் பெல்ட், வரிசையாக உள்ள இரும்பு ரோலர்களின் மேல் ஓடுகிறது. தேய்ந்த ரோலர்களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டும் கான்ட்ராக்ட் ஒருவருக்குப் போயிருந்தது. அவர் பழைய ரோலர்களுக்கே பெயின்ட் அடித்துப் புதியவை என்று மாட்டிவிட்டார் என்றும், அப்பா அதற்குப் பங்கு வாங்கிக்கொண்டு, 'ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார் என்றும் குற்றச்சாட்டு. முதல் எதிரி கான்ட்ராக்டர். இரண்டாவது எதிரி அப்பா.

ரோலரைப் பரிசோதிப்பது பெரிய வித்தை இல்லை. கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். புதியது ஓசையில்லாமல் ஓடி, தானாக நிற்கும். தேய்ந்த பேரிங் உள்ளது கரகரக்கும். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் கரகரப்பை மறைக்க முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே அப்பாவிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்தீர்களா?

அந்தக் கான்ட்ராக்டரை நான் சிறுவயதிலிருந்து அங்கிள் என்று கூப்பிட்டவள். காடாம்புலியூர்க்காரர். கான்ட்ராக்ட் லேபராகச் சேர்ந்து, பிறகு தானே ஆள் வைத்து வேலை எடுத்தவர். அப்பாவோ சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவர். எங்கள் பக்கத்தில் பங்காளி முறைக்காரனைப் 'பங்கு' என்று கூப்பிடுவார்கள். பங்காளி இல்லாதவனையும், பிடித்துப்போனால், அப்படித்தான் கூப்பிடுவார்கள். டவுன்ஷிப்பில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள், யாருக்கும் யாரும் முறை கிடையாது. பழக்கமானவரைப் பங்கு ஆக்கிக்கொண்டால் ஒரு முறை உண்டாகிவிடும் என்பதுபோல அப்பா பலரை அப்படிக் கூப்பிட்டார். திருப்பிக் கூப்பிட்டவர் அங்கிள் மட்டும்தான். இரண்டு பேரும் பேசிக்கொண்டால் வாக்கியத்துக்கு ஒரு பங்கு இருக்கும்.

அப்பாவை சஸ்பெண்ட் செய்தார்கள். சங்கு ஊதும்போது அவர் எழுந்துவிடுவார். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வேப்பஞ்சருகைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருப்பார். ஷிப்ட் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரும் ஒரு சொல் தவறாகப் பேசவில்லை. அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "நாலு வார்த்தை கேட்டுட்டாலாவது நானும் நாலு வார்த்தை சொல்லுவேன்" என்றாள்.

வக்கீல் பிடிப்பது என் வேலையாயிற்று. கடலூரில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் நிலத் தகராறுகள் பார்ப்பவர். காகிதங்களை முழுவதும் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது சென்ட்ரல் கேஸுங்க. மெட்ராஸ்ல ஸ்பெஷல் கோர்ட்ல நடக்கும். எனக்குத் தெரியாத எடத்துல நான் நின்னா உங்கப்பாவுக்குத்தான் கெடுதல்" என்றார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால், அந்த வழக்கில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல சட்ட ஆலோசனை அதுதான்.

அவர் சொல்லித்தான் சென்னையில் ஒரு பெண் வக்கீலிடம் போனோம். ஐம்பதைத் தாண்டியவர், குரல் உயர்த்தாதவர். நாங்கள் மேடம் என்போம். நான் நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி, பிரித்து வண்ணச் சீட்டு ஒட்டிய கோப்பை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"சார், நான் மூணு விஷயம் சொல்றேன். விசாரணைக்குக் கூப்பிட்டா போகணும், ஆனா எனக்குச் சொல்லாம போகக் கூடாது. முதல் எதிரிகிட்ட பேசவே கூடாது, கோர்ட்ல பார்த்தாலும். அப்புறம், நான் கேட்டதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் சொல்லுங்க. கேட்காதத நீங்களா சொல்லாதீங்க."

"நான் தப்புப் பண்ணலம்மா" என்றார் அப்பா.

"நான் அத இன்னும் கேட்கல சார்."

வெளியே வந்து படியில் இறங்கும்போது மேடம் என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். "நீயும் கேட்காத. நாளைக்கு உன்னையே சாட்சியா கூப்பிட்டா நீ பொய் சொல்ல வேண்டி வரக் கூடாது." நான் தலையாட்டினேன். என் கேள்வியை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்று தெரியவில்லை.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சம்மன் வந்து, அப்பா நீதிமன்றத்தில் ஆஜராகி ஜாமீன் பெற்றார். அன்று கொடுத்த நகல்கள் ஒரு பயணப் பெட்டி நிறைய இருந்தன. மேடத்துக்கு ஒரு பிரதி, எனக்கு ஒன்று எடுக்க மந்தாரக்குப்பத்தில் பாயின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் கூட்டம். பாய் முதல் தாளின் தலைப்பைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தாளையும் எழுத்து வெளியே தெரியாதபடி கவிழ்த்துக் கவிழ்த்தே அடுக்கினார். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, "இன்னா பாய், இம்மாந்தண்டி? பொண்ணு பி.எச்.டி.யா?" என்று கேட்டார். "ஆமா. நீ ஒன் ஆதார் கார்டக் குடு" என்றார் பாய்.

வீட்டில் கூடத்துத் தரையில் எல்லாவற்றையும் பரப்பிப் படித்தேன். அங்கிள் தன் போனில் வரும் அழைப்புகள் எல்லாம் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆட்களிடம் காட்ட அது அவருக்கு உதவும். அந்தப் பதிவுகள் இப்போது அரசுத் தரப்புச் சான்று. தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். அதில் முக்கியமானது என்று அடிக்கோடு போட்ட உரையாடல் ஒன்று. அப்பா கேட்கிறார், அங்கிள் பதில் சொல்கிறார். தமிழில்:

"என்ன பங்கு, வந்துருச்சா?"

"வந்துட்டுது பங்கு. வூட்ல குடுத்துட்டன்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் திருப்பித் தமிழாக்கினால் இப்படி வரும்: "என்ன பங்குத்தொகை? அது வந்துவிட்டதா?" "பங்குத்தொகை வந்துவிட்டது. வீட்டில் கொடுத்துவிட்டேன்."

நான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை படித்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"யாருடி பங்கு கேட்டா?"

"யாரும் கேட்கலம்மா. அப்பா அங்கிளக் கூப்பிட்டிருக்காங்க."

"கூப்பிட்டதுக்கா கேசு?"

அப்பா சிரித்தார். வழக்கு வந்தபின் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்றதும் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. குரல் மாதிரி எடுக்க அவரை அழைத்துப்போய், கண்ணாடி அறையில் உட்காரவைத்து, எழுதிக் கொடுத்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்களாம். அதில் 'பங்கு' என்று தனியாக ஒரு சொல் இருந்ததாம். "எதுக்குன்னு அன்னைக்குப் புரியலத்தா. நல்லா வாய் நெறையச் சொன்னேன்" என்றார்.

மறுநாளே மேடத்திடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்ல பாயின்ட். ஆனா இது ரெண்டு பக்கமும் வெட்டும். பங்குன்னா பணம்னு அவங்க சொல்றத உடைச்சிடலாம். உடைச்ச உடனே, பங்குன்னா பங்காளின்னு நாமளே சொல்லியாகணும். கான்ட்ராக்டரும் அவர் வேலைய செக் பண்றவரும் அவ்வளவு நெருக்கமான்னு கேட்பாங்க." பிறகு கேட்டார்: "சரி, அன்னைக்கு வந்தது என்ன?"

அப்பாவுக்கு நினைவில்லை. பதிவு பழையது. அந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. என்னவெல்லாம் வந்திருக்கலாம் என்று நான் எழுதினேன்: அங்கிள் வாங்கித் தருவதாகச் சொன்ன மிக்சி ஜார், முந்திரிப்பருப்பு, கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரர், கல்யாணப் பத்திரிகை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இது என்ன கூத்து, பலாப்பழம்டி" என்றாள். உறுதியாகச் சொன்னாள். முள் குத்தாமலிருக்கச் சாக்கில் சுற்றி, அங்கிளின் ஆள் டி.வி.எஸ்ஸில் வைத்துக் கொண்டுவந்தான், பின்பக்கம் இறக்கினான், தான்தான் எண்ணெய் தடவி அறுத்தேன், பக்கத்து வீட்டுக்குப் பாதி கொடுத்தேன் என்றாள். கேட்கக் கேட்க எனக்கே அந்த வாசனை வந்தது.

பதிவின் தேதியைப் பார்த்தேன். மார்கழி.

"அம்மா, மார்கழில ஏதும்மா பலாப்பழம்?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு ரெண்டு காய்க்கும்."

"அவங்களும் பண்ருட்டியில விசாரிப்பாங்கம்மா."

"நான் கோர்ட்ல வந்து சொல்றேன். சாமி மேல சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

"வேண்டாம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் பொய் சொன்னாளா, அந்தப் பழத்தை வேறொரு சித்திரையிலிருந்து எடுத்து அங்கே வைத்துக்கொண்டாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

விசாரணை நடந்த காலம் முழுதும், வாய்தாவுக்கு முதல்நாளே நான் ஊருக்கு வந்துவிடுவேன்; மறுநாள் பண்ருட்டி வழியாகச் சென்னை பஸ் பிடித்து நானும் அப்பாவும் போவோம். நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு நீண்ட பெஞ்சு உண்டு. அதன் ஒரு முனையில் அப்பாவும் நானும் உட்காருவோம். மறுமுனையில் அங்கிள். மேடத்தின் உத்தரவு. ஒருநாள் அங்கிள் மூன்று டீ வாங்கிவந்து, இரண்டைப் பெஞ்சின் நடுவில் வைத்துவிட்டுத் தன் முனைக்குப் போய் உட்கார்ந்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, டீ குடிக்கறதும் பேச்சுல சேத்தியா? ஒங்க வக்கீலம்மாவக் கேட்டுக்கினு வந்து குடிங்க. ஆறிடப்போவுது" என்றார் அங்கிள் என்னைப் பார்த்து.

நான் இரண்டு கப்பையும் எடுத்துவந்தேன். அப்பா குடித்தார்.

மொழிபெயர்ப்பாளர் சாட்சிக் கூண்டில் ஏறியது வெயில் கொளுத்திய ஒரு நாளில். நல்ல மனிதர். டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழர். மேடம் அவரை அதட்டவில்லை. வேறொரு பதிவின் மொழிபெயர்ப்பை எடுத்துக் கொடுத்தார்.

"இந்த வரியைத் தமிழ்ல படிங்க சார்."

"'பங்கு, பஸ்ஸ விட்டுட்டேன்.'"

"இதை ஆங்கிலத்துல என்னன்னு எழுதியிருக்கீங்க?"

அவர் தாளைப் பார்த்தார். "பங்குக்குரிய பஸ்ஸைத் தவற விட்டுவிட்டேன்னு வருது."

"பங்குக்குரிய பஸ்னா எந்த பஸ்ஸு சார்? ஷேர் ஆட்டோ மாதிரி ஷேர் பஸ்ஸா?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி நிமிர்ந்ததும் அடங்கியது. மேடம் தொடர்ந்தார். "அடுத்த பக்கம். 'பங்கு, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?' இங்க பங்குத்தொகைக்கு முட்டி வலிக்குதா?"

சாட்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அது... கூப்பிடற சொல்லா இருக்கலாம்."

"அடிக்கோடு போட்ட வரியிலயும் அப்படி இருக்கலாமா?"

"இருக்கலாம்."

அன்று திரும்பும் பஸ்ஸில் நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். "பாவம் அந்த ஆளு. நாலு பேருக்கு முன்னால" என்றார்.

கடைசியில் நீதிபதி எதிரிகளிடம் நேரடியாகக் கேட்கும் கட்டம் வந்தது. சாட்சியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதற்கு என்ன சொல்கிறீர் என்று கேட்பார்கள். பொய், தெரியாது, இந்த இரண்டே பதில் போதும் என்று மேடம் அப்பாவைத் தயார்படுத்தியிருந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் கேள்வியாகவும் அவர் பதிலாகவும் அதைப் பழகியிருந்தோம்.

அந்த உரையாடலைப் படித்துக் காட்டிவிட்டு நீதிபதி கேட்டார்: "முதல் எதிரியை நீங்கள் பங்கு என்று அழைப்பதுண்டா?"

"ஆமாங்கய்யா."

"அவர் உங்களுக்கு உறவா?"

"ஒறவு இல்லீங்க. பங்காளி மாதிரி."

மேடம் தன் தாள்களைப் பார்த்தபடியே கண்ணை மூடித் திறந்தார்.

"அன்று வந்தது என்ன?"

எனக்கு அம்மா அறுத்த அந்தப் பழம்தான் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டால் என்ன என்று நானும் அந்தக் கணம் நினைத்தேன்.

"ஞாபகம் இல்லீங்கய்யா."

ரோலர்களைப் பற்றி, கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார்கள். என்னுடையது என்றார். சுற்றிப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அரசுத் தரப்பில் யாருக்கும் தோன்றவே இல்லை. அவர்கள் பணத்தையே தேடிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு நாளில் அம்மாவும் வந்தாள். மாட்டியிருந்த ரோலர்களில் பல பழையவை என்பது சோதனைச் சாலை அறிக்கையில் நிரூபணமாகிவிட்டது. முதல் எதிரி குற்றவாளி. இரண்டாவது எதிரி பணம் பெற்றதற்கோ, தெரிந்தே கையெழுத்திட்டதற்கோ போதிய சான்று இல்லை. சந்தேகத்தின் பலனை அவருக்கு அளித்து விடுதலை. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அப்பா கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே இருக்க, அங்கிள் பக்கம் திரும்பினார்.

போலீஸ்காரர்கள் அங்கிளை வராந்தா வழியாக அழைத்துப்போனார்கள். அவர் வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. எங்களைக் கடக்கும்போது நின்றார். வழக்கு நடந்த இத்தனை வருடத்தில் முதல்முறையாக அப்பாவிடம் நேராகப் பேசினார்.

"பங்கு, வூட்ல சொல்லிடு."

அப்பா தலையசைத்தார்.

மேடம் வாழ்த்துச் சொன்னபோது அப்பா கேட்டார்: "சந்தேகத்தின் பலன்னா, சந்தேகம் இன்னும் இருக்குன்னுதானம்மா அர்த்தம்?" மேடம் கோப்பைக் கட்டி என்னிடம் தந்தார். "வீட்டுக்குப் போங்க சார்" என்றார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. பண்ருட்டியில் இறங்கி, அம்மாவை நெய்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நானும் அப்பாவும் காடாம்புலியூருக்கு வேறு பஸ் பிடித்தோம். சாயங்கால வெயில் முந்திரித் தோப்புகளின் மேல் படிந்திருந்தது. அங்கிளின் வீட்டில் கேட் திறந்தே இருந்தது. அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். முகம் கழுவி, தலை சீவியிருந்தார்.

"வாங்கண்ணே. வாம்மா."

அப்பா உள்ளே போகவில்லை. செருப்போடு முற்றத்தில் நின்றார். அப்பீல் செய்யலாம் என்பதையும், என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்பதையும் நான்தான் வரிசையாகச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். எதையும் திருப்பிக் கேட்கவில்லை. நான் முடித்ததும் அப்பாவைப் பார்த்தார்.

"ஒங்கள உட்டுட்டாங்களாண்ணே?"

"உட்டுட்டாகம்மா."

"நல்லதுண்ணே." தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான் அவரக் கேக்கவே இல்ல. ஒரு நாளும் கேக்கல. நீங்க கூடவே இருந்தீங்களே, நீங்களாவது சொல்லுங்க. அவரு செஞ்சாராண்ணே?"

நான் அப்பாவைப் பார்த்தேன். தீர்ப்பு வந்துவிட்டது. இனி யாரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றார். பிறகு, "பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு. நம்ம பங்குதானேன்னு நான் எதையும் சுத்திப் பாக்கல" என்றார்.

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா வாங்கிக் குடித்தார். நான் வாங்கிக் குடித்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆனாலும் கிளம்பினோம்.